எந்த மஞ்சள்

கையை அசைக்காதீங்கக்கா என்று பர்வீன் சொன்ன பிறகுதான் தான் அசைத்திருப்பது மங்கையர்க்கரசிக்குத் தெரிந்தது. உள்ளங்கையின் நடுவில் மருதாணிக் கூம்பின் முனை சில்லென்று ஊர்ந்தபோது விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டுவிட்டன. பர்வீன் அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தித் தன் மடியில் போட்டிருந்த தலையணையில் படுக்கவைத்தாள். நாளைக் காலை தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அக்கா வெறுங்கையோடு மேடையில் நிற்கக் கூடாதென்று அம்மாதான் மன்னார்குடிக் கடைத்தெரு பார்லரிலிருந்து இந்தப் பெண்ணை வீட்டுக்கே வரவழைத்திருந்தாள். இந்தக் கைக்கு மருதாணியா என்று மங்கைக்குச் சிரிப்பு வந்தது. நகத்தை ஒட்ட வெட்டி, வளையலைக் கழற்றிப் பையில் போட்டு, ஒரு நோயாளியைத் தொட்டதும் ஒரு தடவை, அடுத்தவரைத் தொடுமுன் ஒரு தடவை என்று கழுவிக் கழுவி வெளிறிப்போன கை. யாராவது இப்படிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எவ்வளவு நாளாகிவிட்டது. பிடிப்பதெல்லாம் அவள் வேலையாகவே இருந்திருக்கிறது. நாடி பார்க்கப் பிடிப்பது, ஊசி ஏற்ற நரம்பு தேடிப் பிடிப்பது, பயப்படுகிறவர்களைச் சும்மா பிடித்துக்கொள்வது. இன்று காலைகூடத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வார்டில் இதேபோல ஒருத்தியின் விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். சௌந்தரவல்லி. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இட்லிக்கடை வைத்திருப்பவள், ஐம்பதுகூட ஆகியிருக்காது. முடக்குவாதம் விரல்களின் கணுக்களில் ஏறி உட்கார்ந்து, அத்தனை விரல்களையும் சுண்டுவிரல் பக்கமாகக் காற்றில் சாய்ந்த கதிர்போலச் சாய்த்துவிட்டிருந்தது. தொட்டால் கணுக்கள் சுடும். வார்டில் இருந்த நாளெல்லாம் யார் என்ன கேட்டாலும் நல்லாருக்கேங்க என்பாள், முகம் மட்டும் வேறு சொல்லும். இன்று காலை அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பியது மங்கைதான்.

நன்றாகத்தான் சொல்லி அனுப்பினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. பர்வீன் மணிக்கட்டில் ஒரு கொடியை ஆரம்பித்து அதில் இலை இலையாக வைத்துக்கொண்டிருந்தாள். பச்சை வாசனையோடு யூகலிப்டஸ் தைலத்தின் நெடியும் கலந்து வந்தது. அந்த நெடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு மங்கை காலையில் தான் பேசியதை மறுபடி கேட்டுப்பார்த்தாள். இது மத்த மாத்திரை மாதிரி இல்லைம்மா. மெத்தோட்ரெக்ஸேட்னு பேரு. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும். மத்த நாள்ல இதைத் தொடவே கூடாது. அந்த நாளெல்லாம் ஃபோலிக் ஆசிட்னு ஒரு சத்து மாத்திரை, அதைப் போட்டுக்குங்க. மறந்துபோய்த் தினமும் இதைப் போட்டுட்டா ரத்தமே ஊறாது, வாயெல்லாம் புண்ணாயிடும், காய்ச்சல் வந்தா ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க, ஓடி வந்துடுங்க. எவ்வளவு கோர்வையாக வந்தது. பக்கத்துக் கட்டில்காரிகூடத் திரும்பிப் படுத்துக் கேட்டாள். சௌந்தரவல்லி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். புரிஞ்சுதாம்மா என்று கேட்டதற்கு, நல்லாப் புரிஞ்சுதுங்க சிஸ்டர் என்று சாய்ந்த விரல்களைக் கூப்பி ஒரு கும்பிடு போட்டாள். புரிஞ்சுதாம்மா. அந்த ஒரு சொல் இப்போது தொண்டையில் மீன்முள்போல லேசாகக் குத்தியது. வார்டுக்குப் பழக வரும் நர்சிங் மாணவிகளிடம் அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், புரிஞ்சுதான்னு மட்டும் கேக்காதீங்க, புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க, அவங்க வாயால திருப்பிச் சொல்ல வையுங்க என்று. சொல்லும்போது கொஞ்சம் அழுத்தமாகவே சொல்வாள். காலையில் ஏன் அப்படிக் கேட்கவில்லை? மன்னார்குடிக்கு மத்தியான பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருந்தது. டாக்டர் ரவுண்ட்ஸ் நீண்டுவிட்டது. சௌந்தரவல்லியின் புருஷனைக் காணவில்லை, மங்கையே தன் போனிலிருந்து கூப்பிட்டு வரச்சொல்லி, அவர் வந்து, ஆட்டோ வந்து. அதெல்லாம் காரணம்தான். ஆனால் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. அவ்வளவு அழகாகச் சொல்லி முடித்ததை ஒரு கேள்வி கேட்டுக் கலைக்க மனசு வரவில்லை. சரி, போகட்டும். புத்திசாலிப் பொம்பளை. தனியாளாகக் கடை நடத்துகிறாள். பர்வீன் இலைக்குள் சின்னச் சின்ன நரம்பு வரைந்துகொண்டிருந்தாள். அக்கா கை நல்லா அகலமா இருக்கு, டிசைன் எடுத்துக் கொடுக்குது என்றாள். மங்கை சிரித்தாள். முள் கொஞ்சம் இறங்கினாற்போல இருந்தது.

உள்ளறையில் அம்மா குரல் உயர்ந்தது. சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கவேண்டிய சேலை மஞ்சள் கவரில் இருக்கிறது, பீரோவிலிருந்து எடுத்து வாருங்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா எடுத்து வந்து தாம்பாளத்தில் வைத்துவிட்டார். அம்மா பிரித்துப் பார்த்தால் உள்ளே அவருடைய பட்டு வேட்டி. மஞ்சள் கவர்னுதானே சொன்னேன் என்கிறாள் அம்மா. மஞ்சள் கவரைத்தானே எடுத்தேன் என்கிறார் அப்பா. அங்கே ரெண்டு மஞ்சள் கவர் இருக்கு, நீ எந்த மஞ்சளைச் சொன்னே? ஒன்று எலுமிச்சை மஞ்சள், ஒன்று சந்தன மஞ்சள், இதுகூடத் தெரியாதா என்று அம்மா. எனக்கு எல்லாம் மஞ்சள்தான் என்று அப்பா. வீட்டில் தினம் நடக்கிற பேச்சு. மங்கை பாதிச் சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தவள் அந்தப் பாதியிலேயே நின்றாள். சின்னதா மஞ்சளா இருக்கும் பாருங்க, அதுதான் வாரத்துக்கு ஒரு நாள். சொன்னாளே. காலையில் அதையும் சொன்னாள். மாத்திரைப் பேர் இங்கிலீஷில் இருக்கிறது, இவளுக்குத் தமிழ்தான் படிக்க வரும், நிறத்தை வைத்துச் சொன்னால் சுலபம் என்று அவளாகவே அதைச் சேர்த்தாள். மாத்திரை அட்டையைத் திருப்பி, உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடித்தாள் பக்கமாகக் காட்டி, இதோ மஞ்சளா இருக்கு பாருங்க என்றாள். இன்னொரு அட்டை? ஃபோலிக் ஆசிட் என்ன நிறம்?

அதுவும் மஞ்சள்தானே. எல்லாக் கம்பெனியிலுமா? வெள்ளையாக ஒன்று பார்த்திருக்கிறாள். அது போன வருஷமா, வேறு ஆஸ்பத்திரியிலா? மருந்தகத்திலிருந்து வந்த காகிதப் பை, அதற்குள் இரண்டு அட்டை. ஒன்றை எடுத்துக் காட்டினாள். மற்றது கட்டிலின் பச்சை விரிப்பின்மேல் கிடந்தது, அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் குப்புறக் கிடந்தது, வெள்ளித்தாள் மேலே தெரிய. ஜன்னல் வெளிச்சம் அந்த வெள்ளியில் பட்டுக் கண் கூசியதுகூட ஞாபகம் இருக்கிறது. திருப்பிப் பார்த்தாளா? மனசுக்குள் கையை நீட்டித் திருப்பினாள். ஒரு தடவை வெள்ளையாக இருந்தது. இன்னொரு தடவை திருப்பினால் மஞ்சளாக இருந்தது. மறுபடி திருப்பினால் ஒன்றுமே இல்லாமல் வெள்ளித்தாளின் அடியிலும் வெள்ளித்தாளாகவே இருந்தது. பார்க்காத ஒன்றை ஞாபகத்திலிருந்து எப்படி எடுப்பது. பார்க்கவில்லை. அதுதான் நிஜம். இரண்டும் மஞ்சளாக இருந்தால் அந்தப் பெண் எந்த மஞ்சளை வாரத்துக்கு ஒரு நாள் போடுவாள், எந்த மஞ்சளைத் தினமும் போடுவாள்? பர்வீன் அடுத்த கைக்குப் போயிருந்தாள். முதல் கையில் மருதாணி கறுத்துத் தோலை இழுத்துப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. மங்கை வேலைக்குச் சேர்ந்த புதிதில் வார்டுக்கு ஒருவர் வந்தார். வேறு ஊரிலிருந்து, வேறு யாரோ கொடுத்த மருந்தோடு. வாரம் ஒரு நாள் போடவேண்டியதைத் தினமும் போட்டிருக்கிறார். வாயைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே தோல் என்று ஒன்று மிச்சமில்லை. ஒரு வாய் தண்ணீரை விழுங்க அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரத்தத்தில் அணுக்கள் சரசரவென்று இறங்கின, ஏற்றிய மருந்துக்கெல்லாம் ஏறவில்லை, அவர் பிழைக்கவுமில்லை. அவர் மனைவி அழவில்லை, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒரு வேளைகூட விடாமக் குடுத்தேனே, ஒரு வேளைகூட விடலையே. மருந்தை மறக்காமல் கொடுத்தவள். அந்தக் குரல் எங்கேயோ ஓர் அறையில் இத்தனை வருஷமும் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, கதவு மட்டும் சாத்தியிருந்தது.

அவசரப்படாதே என்று மங்கை தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் குரலில், கட்டிலில் பதறுகிறவர்களிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டாள். இன்று புதன். போட வேண்டியது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஜன்னலில் வெயில் இன்னும் முழுக்க இறங்கவில்லை. அப்படியே இன்று மாற்றிப் போட்டாலும் ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது, போடப்போட ஏறுவதுதான் அந்த விஷம். மருதாணி காயட்டும், கழுவிவிட்டு நிதானமாகக் கூப்பிடலாம். இல்லாவிட்டால் நாளைக்கு. நாளைக்குக் காலையில் முகூர்த்தம், அதற்கப்புறம் பந்தி, அதற்கப்புறம் பெண் அழைத்து வருவது. நாளை மறுநாள் என்றாகும். அப்புறம் டியூட்டி. அப்புறம் வேறொருத்தி அந்தக் கட்டிலில் படுத்திருப்பாள். தள்ளிப்போடுவதற்கு மனசு எவ்வளவு நல்ல படிகளாகக் கட்டிக் கொடுக்கிறது, ஒவ்வொன்றும் வழவழவென்று, கால் வைத்தால் அடுத்ததுக்குத் தானே வழுக்கிப் போகும்படி. அவள் கூப்பிட்டால் அந்தப் பெண் பயந்துவிடமாட்டாளா? சிஸ்டரே போன் பண்ணினால் ஏதோ பெரிசாக இருக்கிறதென்றுதானே நினைப்பாள். பயந்தால் என்ன, பயப்படட்டும். வேண்டாம், பயம் வந்தால் மருந்தையே நிறுத்திவிடுவாள், அப்புறம் மிச்சமிருக்கிற கணுக்களும் போகும். அப்படியென்றால் பயப்படாதபடி கேட்கவேண்டும். என்ன சொல்லிக் கேட்பது? தெரு வழியாகப் பால்காரரின் மணி போயிற்று. அம்மா விளக்கேற்றப் போகும் முன்னால் ஒரு தடவை எட்டிப் பார்த்து, கை சிவக்கட்டும், எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனாள். சௌந்தரவல்லி விடிகாலைக் கடைக்காரி. மாவைக் கரைத்து வைத்துவிட்டு முதல் ஆளாகத் தூங்கப் போகிறவள். வார்டில்கூட விளக்கு வைக்கும் நேரத்திலேயே சாப்பாடு கேட்பாளே, இல்லாட்டா எனக்கு எறங்காதுங்க என்று. அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு என்பது இந்நேரமாகத்தான் இருக்கும்.

என் பையிலிருந்து போனை எடு பர்வீன் என்றாள். பர்வீன் எடுத்து நீட்டினாள். கைரேகை வைத்துத் திறக்கிற போன், இரண்டு கட்டைவிரலிலும் மருதாணி அப்பியிருந்தது. மங்கை யோசிக்கவில்லை, தலையணை ஓரத்தில் கிடந்த துணியில் வலது கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தாள். அக்கா என்றாள் பர்வீன். ஈர விரலைப் போன் ஏற்கவில்லை. மறுபடி தேய்த்தாள், மறுபடியும் ஏற்கவில்லை. கடைசியில் மங்கை ரகசிய எண்ணைச் சொல்லப் பர்வீன் அழுத்தித் திறந்து, காலையில் கூப்பிட்ட எண்ணைத் தேடிக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. அடுத்த தடவையும் வெகுநேரம் அடித்தது. ஒவ்வொரு மணிக்கும் இடையில் இருந்த சின்ன இடைவெளியில் ஒரு டம்ளர் தண்ணீரை யாரோ ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவதை மங்கை பார்த்தாள். எடுத்தது புருஷன் தட்சிணாமூர்த்தி. சிஸ்டர் என்றதும் அவருக்குச் சந்தோஷம். இப்போதுதான் சாப்பிட்டு எழுந்தாள், மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் தண்ணீர் எடுக்க வந்தேன் என்றார். என்ன டப்பா என்று மங்கை கேட்டாள். அவளுக்கு அட்டையை அழுத்தி மாத்திரையைப் பிதுக்க விரல் வரவில்லையாம், வீட்டுக்கு வந்ததும் இவரே உட்கார்ந்து இரண்டு அட்டையையும் பிதுக்கி மொத்தத்தையும் ஒரே டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டாராம், இனிமேல் அவளுக்குச் சிரமமில்லை பாருங்கள் என்றார். அவர் குரலில் இருந்த பிரியத்தை மங்கை முன்பும் ஒரு தடவை கேட்டிருக்கிறாள், மருந்துப் பையை மடியில் வைத்திருந்தவளிடம். மாத்திரையை அவளிடமிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் போனை அவளிடம் கொடுங்கள் என்று மட்டும் சொன்னாள். குரல் அவள் நினைத்ததைவிட அமைதியாகவே வந்தது.

"சௌந்தரம்மா, ஒண்ணும் பயப்பட வேணாம். காலையில நான் சரியாச் சொன்னேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. நீங்க இப்ப எதைப் போட இருந்தீங்க, எனக்குச் சொல்லுங்க."

சௌந்தரவல்லி டப்பாவை அருகே இழுக்கும் சத்தம் கேட்டது.

"மஞ்ச மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்னீங்க. இதுல எல்லாமே மஞ்சளாத்தான் இருக்கு சிஸ்டர். சிலது கொஞ்சம் வெளுத்த மஞ்சள். அதுதான் தினமும் போடுறதோன்னு ஒண்ணை விளக்குகிட்ட வச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன்."

மங்கை கண்ணை மூடித் திறந்தாள். வெளுத்தது எது? அவளுக்கே தெரியாது. போனில் யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னைக்கு எதுவும் போடாதீங்க, ஒரு நாள் விட்டா ஒண்ணும் குறைஞ்சுடாது என்றாள். டப்பாவை மூடி மேலே வைக்கச் சொன்னாள். நாளைக் காலையில் புருஷன் அதை வார்டுக்கு எடுத்துப் போகட்டும், சகாயமேரி சிஸ்டர் இருப்பார், அவரிடம் இப்போதே சொல்லிவைக்கிறேன், இதையெல்லாம் வாங்கிக்கொண்டு வேறு மாத்திரை தருவார், வாய் அகலமான இரண்டு தனித்தனி டப்பாவில், மேலே தமிழில் எழுதி, உங்கள் விரலுக்குத் திறக்க வருகிற மாதிரி என்றாள். சௌந்தரவல்லி ஒவ்வொன்றுக்கும் சரிங்க என்றாள். அந்தச் சரிங்கவைக் கேட்டதும் மங்கைக்குக் காலையில் பார்த்த கும்பிடு ஞாபகம் வந்தது.

"காலையிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேக்கலாம்னுதான் இருந்தேன். நீங்க அவ்வளவு பிரியமாச் சொன்னீங்க. மறுபடி கேட்டா, சொன்னதெல்லாம் வீணாப்போச்சேன்னு உங்களுக்கு மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன்."

இதை யாரும் மங்கைக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. தலையாட்டுகிறவர்கள் புரியாமல் ஆட்டுகிறார்கள், பயந்து ஆட்டுகிறார்கள், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஆட்டுகிறார்கள் என்றெல்லாம் தெரியும். சொல்கிறவளின் மனசு நோகக் கூடாதென்று, தன் உயிரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒருத்தி தலையாட்டுவாள் என்று நினைத்ததில்லை. எத்தனை தலைகள் அப்படி ஆடியிருக்கும். எண்ணப்போனால் எண்ணிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். பர்வீன் போனைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டாள். மங்கை ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டாள். எனக்கு ஏது சிஸ்டர் ஞாயித்துக்கிழமை, கடைக்கு எல்லா நாளும் ஒண்ணுதானே என்றாள் சௌந்தரவல்லி. மறக்காத நாள் என்று ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, யோசிக்காமல், வெள்ளிக்கிழமை தலை முழுகுவேன், என்ன ஆனாலும் அது தப்பாது என்றாள். அப்படியானால் வெள்ளிக்கிழமையே இருக்கட்டும், வார்டிலும் அப்படியே சொல்லி எழுதச் செய்கிறேன் என்று மங்கை சொல்லிவிட்டு, இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க என்றாள். சௌந்தரவல்லி மெதுவாக, இட்லித் தட்டில் குழி குழியாக மாவு ஊற்றுகிறவள்போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். இன்னைக்கு ஒண்ணும் இல்லை. நாளைக்கு டப்பா ஆஸ்பத்திரிக்குப் போகுது. வெள்ளிக்கிழமை தலை முழுகின அன்னைக்கு ராத்திரி மட்டும் அந்த மாத்திரை. மத்த நாளெல்லாம் சத்து மாத்திரை. வாய்ல புண்ணு வந்தா, காய்ச்சல் வந்தா, அன்னைக்கே வந்துடணும். ஒன்றுகூடத் தப்பவில்லை. காலையில் மங்கை பேசிய கோர்வை எதுவும் இதில் இல்லை, எல்லாம் அவளுடைய சொற்களாக இருந்தன.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இதைப் போட்டா இந்த விரலெல்லாம் நிமிந்துடுமா?"

எல்லாம் சரியாயிடும்மா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனையோ கட்டில்களின் ஓரத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்து, சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் சுகமாகிப்போன வாக்கியம். மங்கை அதை விழுங்கினாள்.

"வளைஞ்சது நிமிராதும்மா. வலி குறையும், வீக்கம் வத்தும். இன்னும் வளையாம இது பாத்துக்கும். அதுக்குக் கொஞ்ச மாசம் ஆகும்."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்தது, பாத்திரத்தை யாரோ கவிழ்த்து வைத்தார்கள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று மங்கை நினைத்தாள். சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் விரல் நிமிரும் நிமிரும் என்று தினமும் பார்த்து, நிமிரவில்லை என்று ஒரு நாள் டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பாள் என்றும் நினைத்தாள். இரண்டும் மாறி மாறி வந்தன.

"கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் நேராத்தான் இருக்கு சிஸ்டர்" என்றது குரல், கொஞ்சம் கரகரத்து. "கரண்டி பிடிக்க அது போதும். இருக்கிறதைக் காப்பாத்திக்கிறேன்."

"அதுதாம்மா."

"இன்னும் கேக்க வேண்டியது இருக்கு. உங்களுக்கு நேரம் இருக்குங்களா?"

உள்ளே அம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், மண்டபத்துக்குப் புறப்பட வேன் வந்துவிட்டதாம். மங்கையர்க்கரசி போனைத் தலையணைமேல் வைக்கும்படி பர்வீனிடம் கண்ணால் காட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இருக்கு. கேளுங்க."